பேர்தான் தப்பு... பேச்சு தப்பில்லை!

"அண்ணே, இந்த ஃபியட்டு எந்த வருஷம்?"

"ஃபியட்டு இல்லடா, அம்பாசடர்டா இது. மூஞ்சியப் பாரு."

"ரெண்டும் இல்ல. ஃபாரின் வண்டி. சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடுறாங்க."

"எதுவோ ஒண்ணு. பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டிய ரோட்டுல ஓட்டவே கூடாதுன்னு சட்டம் வந்துடுச்சு. போலீஸ் பார்த்தா தூக்கிட்டுப் போயிடுவான்!"

ஒரு டீ ஆறுவதற்குள் நான்கு தீர்ப்பு. நான்கும் தப்பு! கூடுவாஞ்சேரியில் ஒரு டீக்கடை வாசலில், என் பெரியப்பாவின் காரை நிறுத்திவிட்டு நின்றபோது காதில் விழுந்தவை இவை.

நண்பர்களே, பழைய கார் வைத்திருக்கிற எல்லோருக்கும் இது தினப்படி சங்கதி. வண்டியை எங்கே நிறுத்தினாலும் நாலு பேர் கூடுவார்கள். நாலு பேரும் நாலு விதமாகச் சொல்வார்கள். கார்க்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். இந்த மலரில் மற்றவர்கள் வேலைவாய்ப்பு, தொழில் வளர்ச்சி என்று பெரிய பெரிய விஷயங்களை எழுதியிருப்பார்கள். நானோ ரோட்டோரம் நின்று தப்பும் தவறுமாகக் கமெண்ட் அடிக்கிறவர்களைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். அவர்களில் ஒருவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளாததால், அந்தக் காரும், காரோடு சேர்ந்து நானும் எரிந்து போயிருக்க வேண்டியது. அந்தக் கதையைச் சொல்லாமல் என் கருத்தைச் சொல்ல முடியாது.

முதலில் வண்டி

பெரியப்பாவின் கார் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1969 மாடல். நான்கு கதவு. 948 சி.சி. பெட்ரோல் இன்ஜின். பெரியம்மாவின் அப்பா வாங்கியது. பெரியப்பாவுக்கு வந்து சேர்ந்தது.

முதலாமாண்டு தம்பிகள் சிலர் 'ஹெரால்டா, அப்படி ஒரு காரா?' என்று கேட்பீர்கள். தப்பில்லை. நானும் அப்படிக் கேட்டவன்தான். இங்கிலாந்தில் 1959-ல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டுதான் இதன் மூலம். உருவம் கொடுத்தவர் ஜியோவானி மிக்கெலொட்டி என்ற இத்தாலியர். அதே காரை 1961 முதல் இந்தியாவில் தயாரித்தது, 1948-ல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. அந்தத் தொழிற்சாலை எங்கே இருந்தது தெரியுமா? பம்பாயிலும் இல்லை, கல்கத்தாவிலும் இல்லை. நம்ம ஜி.எஸ்.டி. சாலையில், பெருங்களத்தூர் - வண்டலூர் பக்கம்! ஃபியட் பம்பாயில் செய்தார்கள்; அம்பாசடர் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் செய்தார்கள். மூன்றாவது கார் நம்ம ஊரில் செய்தது. அந்த மூன்றில் நம்ம ஊர்க் காரைத்தான் நம்ம ஊர்க்காரர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. 'ஃபாரின் வண்டி' என்கிறார்கள்!

இது தெரிந்த நாளிலிருந்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. யாராவது 'ஃபியட்' என்று வாயைத் திறந்தால் போதும், நான் பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவேன். "ஃபியட்டுக்குக் கை கியருங்க. ஸ்டியரிங் பக்கத்துல இருக்கும். அந்தக் காலத்து அம்பாசடருக்கும் அப்படித்தான். இதுக்குக் கீழ கியர். எட்டிப் பாருங்க..." கேட்டவர் பாவம், பஸ் வந்ததும் ஓடிப்போயிருப்பார். நான் நிறுத்தமாட்டேன்.

தப்பான கமெண்ட், சரியான காரணம்

கொஞ்ச நாள் போனதும் ஒன்று கவனித்தேன். ஜனங்கள் சொல்கிற தப்புகள் ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் வண்டியிலேயே ஒரு காரணம் இருக்கிறது.

ஹெரால்டின் பானெட் மற்றக் கார்கள் மாதிரி பின்பக்கம் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றோடும் சேர்ந்து முன்முகம் முழுவதும் முன்னால் சாயும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இன்ஜின் மேஜைமேல் வைத்த மாதிரி தெரியும். நம்ம மாதிரி படிக்கிற பசங்களுக்கு இதைவிட வசதி கிடையாது. டயர் மேல் உட்கார்ந்தே ட்யூனிங் பார்க்கலாம். ஆனால் தூரத்திலிருந்து பார்க்கிறவர் என்ன சொல்வார்? "அய்யய்யோ, எங்க மோதினீங்க? முன்பக்கம் பிச்சுக்கிட்டு வந்துடுச்சே!" ஒருமுறை ஒரு அம்மா ஓடிவந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார். நான் ஆயில் செக் பண்ணிக்கொண்டிருந்தேன்!

அடுத்தது, ஸ்டியரிங். முன்சக்கரம் அசாத்தியக் கோணத்துக்குத் திரும்பும். சுமார் 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டம் அடித்துவிடும். சந்துக்குள் ஒரே மூச்சில் திருப்பினால், "சக்கரம் கழண்டுக்கிச்சு பாரு" என்று கத்துவார்கள்.

மூன்றாவது, பின்சக்கரம். இதில் ஸ்விங் ஆக்சில். டிஃபரன்ஷியல் சேஸிஸோடு நிலையாக இருக்கும். இரண்டு பக்கத்து அரை அச்சுகளும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். ஜாக்கி வைத்துத் தூக்கி இறக்கினால், பின்சக்கரம் இரண்டும் அடிப்பக்கம் உள்ளே மடிந்து, மேல்பக்கம் வெளியே சாய்ந்து நிற்கும். கொஞ்சதூரம் ஓட்டினால் தானாகப் படிந்துவிடும். அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றே: "அச்சு முறிஞ்சுபோச்சு!"

அச்சு முறியவில்லை. சொன்னது தப்பு. ஆனால் அவர்கள் கண் தப்பா? இல்லையே! சக்கரம் சாய்ந்திருப்பதை அவர்கள் சரியாகத்தான் பார்த்தார்கள். பார்த்ததற்குக் கொடுத்த பேர்தான் தப்பு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தப் பின் ஆக்சில் விஷயத்தில் முணுமுணுத்தவர்கள் வேடிக்கை பார்த்தவர்கள் மட்டும் இல்லை. இந்தியாவில் காரை வாங்கினவர்களுக்கும் அதைக் கழற்றி மாட்டின மெக்கானிக்குகளுக்குமே ஸ்விங் ஆக்சில் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 1972-ல் அதே கம்பெனி 'கேஸல்' என்ற அடுத்த காரைக் கொண்டுவந்தபோது, அதே 948 சி.சி. இன்ஜினை வைத்துக்கொண்டு, பின்னால் வழக்கமான லைவ் ஆக்சிலுக்கு மாறிவிட்டார்கள். ரோட்டு முணுமுணுப்புக்கும் மதிப்பு உண்டு, பார்த்தீர்களா!

தெரிந்தவர்களும் தப்புவார்கள்

'விவரம் தெரியாதவன்தான் தப்பா பேசுவான்' என்று நினைத்தால் அதுவும் சரியில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போயிருந்தோம். வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் வண்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "டிரையம்ப் ஹெரால்டு!" என்றார். எனக்குப் பரம சந்தோஷம். முதல்முறையாக ஒருத்தர் சரியாகச் சொல்லிவிட்டார்! அடுத்த நிமிஷம் அவரே கதவுகளை எண்ணிவிட்டு முகத்தைச் சுளித்தார். அவருடைய அப்பா இந்தக் கார் வைத்திருந்தாராம். அதற்கு இரண்டு கதவுதானாம். யாரோ வெட்டி ஒட்டி நான்கு கதவாக்கிக் கெடுத்துவிட்டார்கள் என்றார்.

பெரியப்பா சிரித்துக்கொண்டே விளக்கினார். இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்டு வந்ததே இல்லை என்பது உண்மை. ஆனால் 1968-ல் மதராஸில் மார்க் 3 என்று நான்கு கதவு ஹெரால்டு கம்பெனியிலேயே தயாரானது. பாட்டி, தாத்தா, பிள்ளைகள் என்று ஏறுகிற நம்ம குடும்பங்களுக்கு முன்சீட்டைச் சாய்த்துப் பின்னால் நுழைகிற இரண்டு கதவு வண்டி சரிப்படாது அல்லவா! பெரியவர் ஆச்சரியப்பட்டுப்போய் நாலு கதவையும் திறந்து திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த வண்டியை நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவர் அவர். அவரும் தப்பினார். ஏன்? தனக்குத் தெரிந்ததுதான் முழுசு என்று நினைத்தார். அன்றைக்கு அவரைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தேன். அதே வியாதி எனக்கும் இருந்தது அப்போது தெரியவில்லை.

அந்த நாள்

இப்போது கூடுவாஞ்சேரி டீக்கடைக்குத் திரும்புவோம்.

அன்றைக்குப் பெரியப்பா என்னோடு இல்லை. லைசென்ஸ் வாங்கின தைரியத்தில் நான் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த நாலு பேர் தீர்ப்பு சொல்லி முடித்த பிறகு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்தார். அறுபது வயது இருக்கும். தோளில் துண்டு, கையில் பீடி. வண்டிக்கு நாலு அடி தள்ளியே நின்றார். பீடியைக் கீழே போட்டுத் தேய்த்து அணைத்தார்.

"தம்பி, ஃபியட்டுல பெட்ரோல் வாட வருது. ஓஸு பாரு."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பானெட்டைச் சாய்த்துப் பார்த்திருக்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை. நான் என்ன செய்தேன்?

"ஐயா, இது ஃபியட் இல்லீங்க. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பழைய வண்டின்னா கொஞ்சம் வாசனை வரத்தாங்க செய்யும்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "எதுவா இருந்தா என்ன தம்பி... வாட வருதே" என்று சொல்லிவிட்டுப் போய் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

ஃபியட் என்று சொல்கிறவருக்கு ஹோஸைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். இதுதான் நான் செய்த தப்பு. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறைமலை நகர் தாண்டும்போது இன்ஜின் விக்க ஆரம்பித்தது. வாசனை உள்ளேயே வந்துவிட்டது. ஓரம் கட்டி, இக்னிஷனை ஆஃப் பண்ணி, பானெட்டைச் சாய்த்தேன். பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் லைனில், கார்புரேட்டர் பக்கம் ஒரு சின்ன ரப்பர் ஹோஸ். அதன் நுனி உப்பி, வெடித்து, அதிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. இந்த இன்ஜினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். சொட்டு இன்னும் இரண்டு விரற்கடை தள்ளி விழுந்திருந்தால் சூடான மேனிஃபோல்டு மேல்தான்.

எனக்குக் கை நடுங்கியது. ரோட்டோர மண்ணை அள்ளிப் பக்கத்தில் குவித்துவிட்டு, வண்டியிலிருந்து தள்ளிப்போய் நின்றேன். பிறகுதான் பெரியப்பாவுக்குப் போன் பண்ணினேன்.

பெரியப்பா வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. வெடித்த ஹோஸைக் கையில் எடுத்து மடக்கிப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வழியில யாராவது ஏதாவது சொன்னாங்களாடா?"

நான் பதில் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. "ரோட்டுல நிக்கிறவன் எல்லாம் காசு வாங்காம நம்ம வண்டிய செக் பண்ணிக் குடுக்கிறான்டா. பத்துல எட்டு தப்பாத்தான் சொல்லுவான். மீதி ரெண்டுக்காகப் பத்தையும் கேக்கணும்."

ஹோஸ் ஏன் வெடித்தது? இதை ஆட்டோமொபைல் படிக்காத நண்பர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது பங்க்கில் போடுகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 2022-ல் நாடு முழுவதும் 10 சதவீதக் கலப்பு எட்டப்பட்டது. 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் தொடங்கி, 2025-க்குள் நாடு முழுவதும் பரவிவிட்டது. புது வண்டிகளில் அதைத் தாங்குகிற ஹோஸ், சீல் எல்லாம் கம்பெனியிலேயே போட்டு வருகின்றன. எத்தனாலை நினைத்துக்கூடப் பார்க்காத காலத்து ரப்பர், அதில் ஊறி உப்பும், மெத்தென்றாகும், வெடிக்கும். பம்ப்பில் இருக்கிற டயஃப்ரமுக்கும் அதே கதிதான். வீட்டில் பழைய ஸ்கூட்டரோ, பைக்கோ, காரோ இருந்தால் இன்றைக்கே ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் கேட்டு வாங்கி மாற்றுங்கள். ஆகும் செலவு ஒரு சினிமாவுக்குப் போய்வருகிற செலவுதான்.

அப்போ எல்லாத்துக்கும் தலையாட்டணுமா?

சில நண்பர்கள் கேட்கலாம்: "அப்போ எவன் என்ன உளறினாலும் 'ஆமாங்க'ன்னு போயிடணுமா? உண்மைன்னு ஒண்ணு இல்லையா?" நியாயமான கேள்வி. வருஷக்கணக்கில் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் அலைந்து சாமான் சேர்த்து ஒரு வண்டியை ஓட்டுகிறவரிடம், 'இந்த ஓட்டையை எடைக்குப் போடலாமே' என்றால் வயிறு எரியத்தான் செய்யும். அந்த எரிச்சலை நான் குறைத்துப் பேசவில்லை.

என் அபிப்பிராயம் இதுதான். தப்பான பேச்சை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, யாருக்கும் நஷ்டமில்லாத தப்பு. 'இது விண்டேஜ் காரு' என்பார்கள். இங்கிலாந்துக் கிளப்காரர்கள் கணக்கில் விண்டேஜ் என்றால் 1930-க்குள் செய்த வண்டி. அதனால் நான் உடனே குறுக்கே விழுந்து திருத்துவேன். ஆனால் 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் கொண்டுவந்த திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் 'விண்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாம். தினசரி ஓட்டத்துக்கும் வாடகைக்கும் விடக் கூடாது என்பது நிபந்தனை. பெரியப்பா பழைய பதிவிலேயே வைத்திருக்கிறார். ஆனால் 1969 வண்டி அந்த வயதைத் தாண்டிவிட்டது. ஆகவே டீக்கடைக்காரர் சொன்னதும் ஒரு கணக்கில் சரி. நான் திருத்தினதுதான் அரைகுறை! இந்த வகைக்குச் சிரித்துவிட்டுப் போவதே நல்லது.

இரண்டாம் வகை, அடுத்தவருக்கு நஷ்டம் வைக்கிற தப்பு. 'பதினஞ்சு வருஷம் ஆனா உடைக்கணும்' என்பது அந்த ரகம். இதைச் சும்மா விடக் கூடாது. எங்கள் தெருவில் ஒரு பாட்டி, காலமான தாத்தாவின் லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரை வருஷக்கணக்காகத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். யாரோ ஒருவர் 'சட்டம் வந்துடுச்சு, வீட்டுல வெச்சிருந்தாலே ஃபைன்' என்று பயமுறுத்த, பயந்துபோய்க் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார். அப்புறம் விஷயம் தெரிந்து அழுதார். யார் கொண்டுவந்து கொடுப்பது?

உண்மை என்ன? 15 வயது தாண்டினால் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் வந்த விதி அரசாங்க வண்டிகளுக்கு. டில்லியில் 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் வண்டிகளுக்கு வந்த தடை, பசுமைத் தீர்ப்பாயம் 2014-லும் 2015-லும் அந்த வட்டாரத்துக்குப் போட்ட உத்தரவுகளில் இருந்து வந்தது. நம்ம ஊரில் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கிற வண்டியை 15 வருஷம் முடிந்ததும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். வண்டி நல்ல நிலையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதை யார் தப்பாகச் சொன்னாலும், கோபப்படாமல், ஆனால் கட்டாயம் திருத்த வேண்டும். அந்த லாம்ப்ரெட்டா விஷயத்தில் தெருவில் தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்தோம். நாலு பேரும் பேசாமல் இருந்தோம்.

மூன்றாம் வகைதான் முக்கியம். பேர் தப்பு, விஷயம் சரி. 'ஃபியட்டுல பெட்ரோல் வாட வருது.' இதில் முதல் வார்த்தையைத் திருத்துவதா, மீதி வார்த்தைகளைக் கேட்பதா? நான் முதல் வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். வண்டியைத் தெரு ஓரத்தில் கொளுத்தப் பார்த்தேன்.

இது காருக்கு மட்டும் இல்லை

இப்போது இதை நமக்குப் பொருத்திப் பாருங்கள் நண்பர்களே.

நாம் டிப்ளமோ முடித்து வெளியே போனால் எங்கே நிற்கப் போகிறோம்? மேலே இன்ஜினீயர், கீழே ஆபரேட்டர், ஹெல்ப்பர். எதிரில் கஸ்டமர். நடுவில் நாம். மேலே இருப்பவர் பேசுவது டிராயிங் பாஷை. கீழே இருப்பவர் பேசுவது காதும் மூக்கும் கையும் கற்றுக்கொடுத்த பாஷை. இரண்டையும் புரிந்துகொள்ள வேண்டியவர்கள் நாம்தான். நம் சம்பளமே அதற்குத்தான்.

சர்வீஸ் ஸ்டேஷனில் ஒருவர் வந்து "டைனமோ பாடுது தம்பி" என்பார். அவர் வண்டியில் டைனமோவே கிடையாது, ஆல்டர்னேட்டர். 'டைனமோவா, ஹா ஹா' என்று சிரித்தால் அவர் அடுத்த வார்த்தை பேசமாட்டார். 'எப்போ பாடுது, குளிர்ல எடுத்ததும் பாடுதா, லைட்டு போட்டா பாடுதா?' என்று கேட்டால் பெல்ட்டா பேரிங்கா என்று பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

எலெக்ட்ரிகல் நண்பர்களே, உங்களுக்கும் உண்டு. "பேஸ் போயிடுச்சுப்பா. ஒரு ரூம்ல லைட்டு கொழுந்துவிட்டு எரியுது, இன்னொரு ரூம்ல மினுக்மினுக்குங்குது" என்று ஒரு பாட்டி சொன்னால், 'பேஸ் போனா எப்படிப் பாட்டி கொழுந்துவிட்டு எரியும்?' என்று மடக்கிவிட்டு வந்துவிடாதீர்கள். மூன்று பேஸ் கொடுத்த வீட்டில் நியூட்ரல் அறுந்தால் அப்படித்தான் ஆகும். ஒரு பக்கம் வோல்டேஜ் ஏறும், இன்னொரு பக்கம் இறங்கும். பாட்டி பேர் மட்டும் தப்பாகச் சொன்னார். அறிகுறி நம்ம புத்தகத்தில் இருப்பதுதான். மடக்கிவிட்டு வந்தால் அந்த வீட்டு டி.வி.யும் ஃபிரிட்ஜும் போய்விடும்.

சிவில் நண்பர்களே, கொத்தனார் "கலவை செத்துப்போச்சு சார்" என்றால் தமிழ் இலக்கணம் பார்க்காதீர்கள். தண்ணீர் ஊற்றிக் கலந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பாருங்கள். 'இனிஷியல் செட்டிங் டைம்' என்று நாம் பரீட்சையில் எழுதுகிறோமே, அதைத்தான் அவர் கரண்டியில் பார்த்துச் சொல்கிறார்.

மூன்று வருஷம் இங்கே நாம் கற்றுக்கொள்வதில் பாதிக்குமேல் பேர்கள்தான். பாகத்தின் பேர், பழுதின் பேர், டெஸ்ட்டின் பேர். பேர் தேவைதான், பேர் தெரியாமல் சாமான் ஆர்டர் பண்ண முடியாது, ரிப்போர்ட் எழுத முடியாது. ஆனால் பேர் தெரிந்த கர்வத்தில், பேர் தெரியாதவனுக்கு ஒன்றுமே தெரியாது என்று முடிவு கட்டிவிட்டால், நம்ம படிப்பே நம்ம காதை அடைத்துவிட்டது என்று அர்த்தம்.

கடைசியாக...

ஹோஸ் மாற்றி, பம்ப் டயஃப்ரமும் மாற்றி, இரண்டு வாரம் கழித்து அதே வண்டியில் அதே டீக்கடைக்குப் போனேன். நன்றி சொல்ல வேண்டும் என்று மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பெரியவர் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். எழுந்து வந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

"ஓஸு மாத்திட்டே போல?"

"மாத்திட்டேங்க ஐயா. நீங்க சொன்னது சரி. அன்னிக்கு நான்தான் கேக்கல."

"அட விடு தம்பி. அந்தக் காலத்துல லாரியில கிளீனரா இருந்தேன். மேட்டூர் பக்கம் ஒரு வண்டி இப்படித்தான் கண்ணு முன்னாடி எரிஞ்சுச்சு. அதுலேர்ந்து வாட வந்தா எனக்கு நிக்காது." டீ ஒன்று சொன்னார். குடித்து முடித்ததும் கேட்டார்: "அப்புறம், ஃபியட்டு நல்லா ஓடுதா?"

"நல்லா ஓடுதுங்க ஐயா" என்றேன்.

காதைத் திறந்து வைப்போம் நண்பர்களே. வாயை எப்போது வேண்டுமானாலும் திறந்துகொள்ளலாம்!

- மூன்றாமாண்டு ஆட்டோமொபைல் மாணவன்